தர்மலிங்கம் கேட்ட அவுட்

அழகம்மா, ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா உனக்கு? நாளைக்கு உங்கப்பன் கருமாதி, நாலு பேர் முன்னாடி அவனைப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை பேசுங்க மாமான்னு என்கிட்ட வந்து நிக்கிறியே. எனக்கும் அவனுக்கும் ஆகாதுன்னு இந்தப் பாடாங் செராய் ஊர் பூரா தெரியும். பாசார்ல மீன் விக்கிற சீனத் தவுக்கேக்குக்கூடத் தெரியும் லா. பேச மாட்டேன்னு சொல்லல. பேசுறேன். ஆனா நாளைக்குப் பேசப் போறது வேற, இன்னைக்கு உனக்குச் சொல்றது வேற. உக்காரு. காப்பி ஆறிப்போகுது, குடி.

அப்ப இது வெள்ளைக்காரன் மலாயா, ரப்பர் தோட்டம். உங்கப்பன் தர்மலிங்கம் பெரிய தொரை பங்களாவுல சமையல்காரன். நான் சின்னத் தொரை பங்களாவுல சமையல்காரன். கோழிக்கு உப்புப் போடவே ஏழு தடவை யோசிக்கிற ஆளு உங்கப்பன். ஆனா வாய் இருக்கே வாய், ராஜா வீட்டுக்கே சமைச்சுப் போட்ட மாதிரி பேசுவான். பெரிய தொரை இங்கிலீஷ்காரன். சின்னத் தொரை ஆஸ்திரேலியாக்காரன். எனக்கு ரெண்டும் ஒன்னுதான், ரெண்டும் வெள்ளை, ரெண்டும் நம்மளைப் பாத்துக் கத்துறவனுங்க. ஆனா அவனுங்களுக்குள்ள கிரிக்கெட்டுன்னு ஒன்னு வந்துட்டா அவ்வளவுதான், சாப்பாட்டு மேசையில முள்ளுக்கரண்டி பறக்கும்.

அதுக்கும் அம்பது வருசத்துக்கு முந்தி ஆஸ்திரேலியாக்காரன் லண்டனுக்கே போய் இங்கிலீஷ்காரனைத் தோக்கடிச்சுட்டானாம். ஒரு பத்திரிகைக்காரன் குசும்பு புடிச்சவன், இங்கிலாந்து கிரிக்கெட்டு செத்துப்போச்சு, பொணத்தை எரிச்சு சாம்பலை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போறாங்கன்னு எழுதிட்டான். அதுல புடிச்ச சண்டை. ஒரு சின்னச் சொப்பு, அதுல சாம்பல், அதுக்குத்தான் ரெண்டு நாட்டுக்காரனும் கப்பல் ஏறிப் போய் மாறி மாறி அடிச்சுக்கிறான். என் பொண்டாட்டி ராக்காயி இதைக் கேட்டுட்டு, “செத்தவன் சாம்பலை இத்தனை வருசமா ஆத்துல கரைக்காம வெச்சிருக்கானுங்களா? அந்தக் குடும்பம் வெளங்குமா?”ன்னு கேட்டா. அது நெசப் பொணம் இல்லடின்னு எத்தனை சொன்னாலும் அவ நம்பல.

முப்பத்திரெண்டுல இங்கிலீஷ்காரன் ஒரு வேலை பண்ணான். ஆஸ்திரேலியாவுல ஒருத்தன் இருந்தான், அவனை அவுட்டாக்கவே முடியல. அதனால ஸ்டம்புக் கட்டையை விட்டுட்டு ஆளைப் பாத்தே பந்து போட ஆரம்பிச்சுட்டானுங்க. ஒருத்தனுக்கு நெஞ்சுல அடி, ஒருத்தனுக்கு மண்டையில அடி. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல தந்தி மேல தந்தி போயிருக்கு. ஜெயிச்சது என்னமோ இங்கிலீஷ்காரன்தான். அந்தச் சேதி வந்த அன்னைக்கு எங்க சின்னத் தொரை, பெரிய தொரை வீட்டு விருந்துல தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டாரு. பெரிய தொரை சிரிச்சாரு. அவரு சிரிச்சதுகூடப் பரவாயில்ல, பின்னாடி சூப்புச் சட்டியோட நின்ன உங்கப்பன் சிரிச்சான் பாரு! என்னைப் பாத்து, பல்லைக் காட்டி. அன்னைக்குப் புடிச்சதுதான் எனக்கும் அவனுக்கும்.

அதோட விட்டானா? தோட்டத்து ஆளுங்களுக்குக் கட்டுன வரிசை வீடுதான் லயம், மேட்டு லயத்துல அவன் குடியிருந்தான், பள்ளத்து லயத்துல நான். மேட்டு லயம் மொத்தத்தையும் இங்கிலாந்து ஆக்கிட்டான். அப்ப நாங்க சும்மா இருப்போமா, நாங்க ஆஸ்திரேலியா. ரப்பர் மரப் பலகையில மட்டை செதுக்குனோம். ஒட்டுப்பாலை நார் நாரா இழுத்துச் சுத்திப் பந்து. காலுக்குக் கோணிச் சாக்கு. வருசா வருசம் மாரியம்மன் கோயில்ல தீமிதி முடிஞ்ச மறுநாள் ஆட்டம். பூக்குழிச் சாம்பலை அள்ளித் தொரை வீட்டு டீத்தூள் டின்னுல போட்டு வெச்சோம். ஜெயிச்ச லயம் அந்த டின்னை ஒரு வருசத்துக்கு வெச்சுக்கும். அடுத்த வருசம் மொதக் கரகம் அவங்களுக்கு. சமமா முடிஞ்சா டின்னு யாருகிட்ட இருக்கோ அவங்ககிட்டயே இருக்கும். இதெல்லாம் வெள்ளைக்காரன் சட்டம்தான், அப்படியே எடுத்துக்கிட்டோம்.

இந்த விரலைப் பாத்தியா, கோணிக்கிட்டு நிக்குதே? அது உங்கப்பன் போட்ட பந்து. கட்டையைப் பாத்துப் போடுறா படுவான்னா, விரலைப் பாத்துப் போட்டான். “எங்க தொரை ஊர் ஆட்டம்டா”ன்னு பெருமை வேற. அதுக்கப்புறம் பள்ளத்து லயத்துப் பொம்பளைங்க மேட்டுக் குழாயில தண்ணி புடிக்கிறதை நிறுத்துனாங்க. பேசி முடிச்ச கல்யாணம் ஒன்னு நின்னு போச்சு. முப்பத்தெட்டுல லண்டன் ஆட்டத்துல இங்கிலீஷ்காரன் ஒரே இன்னிங்சுல தொள்ளாயிரத்துக்கு மேல அடிச்சுக் குவிச்சான். ஆனா மொத்தத்துல ஆளுக்கு ஒன்னு, சமம். சாம்பல், முப்பத்திநாலுல அதைத் திருப்பி வாங்கியிருந்த எங்க ஆஸ்திரேலியாகிட்டயே நின்னுபோச்சு. “அவ்வளவு அடிச்சும் வெறுங்கையோட போறீங்களே”ன்னு உங்கப்பன் மூஞ்சிக்கு நேரா கேட்டேன். சட்டுவத்தை எடுத்து வீசினான். சத்தியமாச் சொல்றேன், அது எனக்குச் சந்தோசமா இருந்துச்சு.

அப்புறம் சப்பான்காரன் வந்தான். நாப்பத்தொன்னு கடைசியில ரெண்டு தொரையும் ஒரே காருல ஏறி ஓடுனானுங்க. சாம்பலுக்கு அடிச்சுக்கிட்டவனுங்க உயிருக்குப் பயம் வந்ததும் தோளோட தோள் ஒட்டி உக்காந்துக்கிட்டானுங்க. எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல. நாங்கதான் இங்க இங்கிலாந்தாவும் ஆஸ்திரேலியாவாவும் நின்னுக்கிட்டு இருந்தோம், பைத்தியக்காரப் பயலுங்க.

தொரைமாரு ஆடுன திடலை உழுது மரவள்ளி நடச் சொன்னான் சப்பான்காரன். பால்வெட்டு நின்னுபோச்சு. மூணு வேளையும் மரவள்ளிக் கெழங்குதான். அரிசியைக் கண்ணால பாக்கல. கட்டத் துணி இல்லாம கோணியைக் கிழிச்சுக் கட்டிக்கிட்டாங்க ஜனங்க. ராக்காயிக்குக் கால் ரெண்டும் வீங்கிப்போச்சு, விரலை வெச்சு அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்கும். அரிசிக் கஞ்சி குடுத்தாத் தேறுவான்னு தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரசர் மாணிக்கவாசகம் சொன்னாரு. அரிசிக்கு எங்க போறது? மேட்டு லயத்துல உங்கப்பனோட மொதப் பொண்டாட்டி அம்சவள்ளிக்கு மாருல பால் வத்திப்போய், கைப்புள்ள வீல் வீல்னு கத்தும். அந்தச் சத்தம் எங்க லயம் வரைக்கும் கேக்கும்.

நாப்பத்துமூணு சித்திரை வாக்குல சப்பான் ஆபீசர் ஒருத்தன் வந்தான். சயாம்ல, தாய்லாந்துக் காட்டுல, ரயில் பாதை போடுறாங்க, மூணே மாச வேலை, தெனம் அரிசிச் சோறு, துணிமணி, பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போகலாம்னான். மூஞ்சியைச் சுளிக்காத, அழகம்மா. இன்னைக்குச் சயாம்னா எல்லாருக்கும் நெஞ்சு அடைக்குது. அன்னைக்கு எங்க காதுல விழுந்தது அரிசி மட்டும்தான். ஆனா இந்த ரயில்ல நம்ம தோட்டத்துக்கு ஒரு லயத்து ஆளுங்களுக்குத்தான் எடம். அடுத்த ரயில் எப்ப வரும்னு அவனுக்கே தெரியல.

வெச்சான் பாரு வேட்டு! மேட்டு லயம் போகணும்னு உங்கப்பன், பள்ளத்து லயம் போகணும்னு நான். மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டானுங்க. ரெண்டு பேருக்கு மண்டை உடைஞ்சுது. டிரசர்தான் நடுவுல நின்னு கத்துனாரு: “அடிச்சுக்கிட்டுச் செத்தீங்கன்னா எவனும் போக முடியாதுய்யா! உங்களுக்குத்தான் ஒரு ஆட்டம் இருக்கே, அதை ஆடுங்க. ஜெயிச்ச லயம் சயாமுக்குப் போகட்டும்.”

யாரும் மறுத்துப் பேசல. வேற எந்தப் பேச்சா இருந்தாலும் நாங்க ஒருத்தனை ஒருத்தன் நம்பியிருக்க மாட்டோம். ஆட்டம்னா ஒத்துக்குவோம்.

ஸ்டோர் முன்னாடி செம்மண் திடல்ல ஆடுனோம். ஆம்பளைங்களுக்கு ஓடத் தெம்பில்ல. ஒரு ரன்னு ஓடிட்டு ரெண்டு பேரு குத்துக்கல்லாட்டம் உக்காந்துடுவாங்க. ஆனா ஒருத்தன் கண்ணுலயும் வெளையாட்டு இல்ல. பொம்பளைங்க ரெண்டு பக்கமும் நின்னு ஒருத்தி குடும்பத்தை ஒருத்தி இழுத்துத் திட்டுறாளுங்க. கால் வீங்குன ராக்காயி ஸ்டோர் படியில உக்காந்து என்னையே பாக்குறா. எதிர்ப்பக்கம் அம்சவள்ளி புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்குறா.

கடைசி ஆளு நான். ஜெயிக்க ரெண்டே ரெண்டு ரன்னு. பந்து உங்கப்பன் கையில.

ஓடி வந்து போட்டான். நெஞ்சைப் பாத்துத்தான் வரும்னு நெனச்சேன். இல்ல, அந்த ஒரு தடவை ஒழுங்கா, கட்டைக்கு வெளியில போட்டான். வீசினேன். மட்டை தரையில டொக்குன்னு இடிச்சுது. பந்து பின்னாடி நின்னவன் கைக்குப் போச்சு. மட்டையில உரசிட்டுப் போயிருந்தாத்தான் அது அவுட்டு. உங்கப்பன் ரெண்டு கையையும் தூக்கி ஒரு கத்து கத்துனான், அவுட்டுன்னு. காக்கா எல்லாம் மரத்தை விட்டுப் பறந்துச்சு. அந்த மாதிரி ஒரு சத்தம் மனுசன் தொண்டையிலிருந்து வந்து நான் கேட்டதில்ல. அம்பயரா நின்ன டிரசர் ஒரு நிமிசம் முழிச்சாரு. அப்புறம் விரலைத் தூக்கிட்டாரு.

“படலய்யா! தரையில இடிச்ச சத்தம்யா அது!” தொண்டை கிழியக் கத்துனேன். டிரசர் காலைப் புடிச்சேன். உங்கப்பன் சட்டையைப் புடிச்சு உலுக்கினேன். “பட்டுச்சுடா, எனக்குக் கேட்டுச்சு”ன்னான். எம் பொண்டாட்டியோட கஞ்சியை அவன் புடுங்கிட்டுப் போனான், கண்ணு முன்னாடி.

லாரி ஏறுன அன்னைக்கு மேட்டு லயத்துல கல்யாணக்களை. தலைக்கு எண்ணெய் இல்லாட்டியும் பூ வெச்சிருந்தாளுங்க. உங்கப்பன் அந்தச் சாம்பல் டின்னைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு முன்னாடி உக்காந்திருந்தான். ராக்காயி நடக்க மாட்டாம நடந்து வந்து, ரெண்டு கையாலயும் மண்ணை வாரித் தூத்துனா. “எங்க அரிசியைத் தின்னுட்டு நீங்க நல்லா இருந்துருவீங்களா!” அம்சவள்ளி புள்ளை மூஞ்சியை முந்தானையால மூடிக்கிட்டா. எனக்குத் தடுக்கத் தோணல. தடுத்திருக்கவும் மாட்டேன்.

மூணு மாசம் ஆச்சு, ஒருத்தனும் வரல. மழைக்காலம் போச்சு. அப்புறம் தப்பிச்சு வந்த ஒருத்தன் சிடாம் கிரிப் பக்கம் மலாய்க்காரங்க குடியிருக்கிற கம்போங்குல ஒளிஞ்சிருந்து சேதி சொன்னான். காலராவாம். காட்டுக்குள்ள மழையில, மனுசன் மேல மனுசனைப் போட்டு எரிக்கிறாங்களாம். அதுக்கப்புறம் ஆளு புடிக்க வர்ற லாரிச் சத்தம் கேட்டாப் போதும், பள்ளத்து லயமே பாடாங் மேஹா பக்கம் காட்டுக்குள்ள பூந்துரும். கெழங்கைத் தின்னோ, கீரையைத் தின்னோ, ராக்காயி எப்படியோ தேறிட்டா. எங்களைக் காப்பாத்துனது எது? அந்தப் பாழாப்போன அவுட்டு! எனக்குக் குடுத்திருக்கவே கூடாத ஒரு அவுட்டுல நான் சோறு தின்னு உயிரோட இருக்கேன். இதுக்கு எவனுக்கு நன்றி சொல்றது, எவனைத் திட்டுறது? நாள் தவறாம உங்கப்பனைத்தான் திட்டுனேன். உயிரோட இருக்கானா இல்லையான்னு தெரியாமலே திட்டுனேன். திரும்பி வந்தா என்னென்ன கேக்கணும்னு மனசுக்குள்ள கோத்து வெச்சிருந்தேன்.

சப்பான்காரன் சரணடைஞ்சு, தீபாவளி தாண்டி ஒரு மத்தியானம். லயத்து முன்னாடி ஒருத்தன் வந்து நின்னான். பிச்சைக்காரன்னு நெனச்சு ராக்காயி, “கெழங்குதான் இருக்கு”ன்னா. அவன் கக்கத்துல டின்னு இருந்துச்சு. டீத்தூள் டின்னு. அதைப் பாத்துத்தான் அது உங்கப்பன்னு எனக்குத் தெரிஞ்சுது. காலெல்லாம் சயாம் புண்ணு, எலும்பு வரைக்கும் ஓட்டை. நாத்தம் தாங்கல.

“மத்தவங்க?”ன்னு கேட்டேன்.

டின்னைக் கீழ வெச்சான். “எல்லாரும் இதுலதான் இருக்காங்க. ஒவ்வொருத்தரை எரிக்கும்போதும் ஒரு கிள்ளு எடுத்துப் போட்டேன். அம்சாவும் இதுலதான். புள்ளையும் இதுலதான்.”

ராக்காயி ஓன்னு கத்திக்கிட்டு உள்ள ஓடுனா. மண்ணை வாரித் தூத்துன கையாச்சே. அப்ப எங்ககிட்ட கொஞ்சூண்டு அரிசி இருந்துச்சு. கஞ்சி வெச்சுக் கொண்டாந்து அவன் முன்னாடி வெச்சா. அவன் தொடல. என் மூஞ்சியையே பாத்தான்.

“பக்கிரிசாமி, உன்கிட்ட ஒன்னே ஒன்னு கேக்கணும். அதுக்குத்தான் நடந்து வந்தேன். அன்னைக்கு மட்டையில பட்டுச்சா?”

எனக்கு மொதல்ல புரியல. என்னடா இவன், இந்த நெலமையில கிரிக்கெட்டு கேக்குறான்னு பாத்தேன். அவனே சொன்னான்.

“அங்க ஒவ்வொருத்தனும் சாகும்போது அதைத்தான்டா கேட்டான். பள்ளத்து லயத்துக்காரன் ரயிலை நாம திருடிக்கிட்டு வந்துட்டோமோ, திருட்டு அரிசிதான் இப்படி வேலை செய்யுதோன்னு. அம்சாவும் கேட்டா. வாந்தி எடுத்துக்கிட்டே கேட்டா. நீங்கதானே கத்துனீங்க, உங்களுக்கு நெசமாவே கேட்டுச்சான்னு. கேட்டுச்சுன்னு சொன்னேன். எனக்கு ஏதோ கேட்டுச்சுடா, ஆனா எது கேட்டுச்சுன்னு தெரியல. ஆடுனவன் நீ. உனக்குத்தான் தெரியும். நான் கத்தலைன்னா அவங்க இங்கயே இருந்திருப்பாங்களா? சொல்லு. பட்டுச்சா, படலையா?”

அழகம்மா, நான் நல்லவன் இல்ல. ரெண்டரை வருசமா அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆளு தேடிக்கிட்டு இருந்தவன். படலடா பாவி, நீ கத்துன கத்துதான் அத்தனை பேரையும் கொண்டுபோய்ச் சேத்துச்சுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. இந்தக் கோணல் விரலைக் காட்டிச் சொல்லணும்னு வெச்சிருந்தேன். சொல்லியிருந்தா அந்தக் கஞ்சியைத் தொடாமலே எந்திரிச்சுப் போயிருப்பான். எங்க போயிருப்பான்னும் எனக்குத் தெரியும். பின்னாடியே கெணறு இருந்துச்சு.

“பட்டுச்சு”ன்னேன். “லேசாப் பட்டுச்சு. எனக்கு அப்பவே தெரியும். அரிசி போகுதேங்கிற ஆத்திரத்துல ஒத்துக்கல.”

“சத்தியமா?”

“ராக்காயி மேல சத்தியமா. நீ ஒழுங்காத்தான்டா ஜெயிச்ச. அது உங்க ரயிலு.”

அப்புறம் என்ன பண்ணான்னு நெனைக்கிற? கையெடுத்துக் கும்பிட்டானா? “அட ஏமாத்துக்காரப் பயலே!”ன்னு ஆரம்பிச்சான். “மட்டையில பட்டுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே டிரசர் காலைப் புடிச்சு அழுதியேடா! பொம்பளைங்களை விட்டு மண்ணை வாரித் தூத்தச் சொன்னியேடா!” திட்டித் தீத்தான், அழுதுக்கிட்டே. திட்டிக்கிட்டே கஞ்சியைக் குடிச்சான். இன்னும் ஊத்தச் சொன்னான்.

மறுநாள் ரெண்டு பேருமா ஆத்துக்குப் போனோம். அவனால நடக்க முடியல, கைத்தாங்கலா நான்தான் கூட்டிட்டுப் போனேன். டின்னைத் தொறந்து மொத்தமாக் கரைச்சோம். பூக்குழிச் சாம்பலும் அதோட போச்சு. டின்னையும் தண்ணியில விட்டுட்டேன். அதுக்கப்புறம் மேட்டு லயமும் இல்ல, ஆட்டமும் இல்ல. தொரைமாருங்க மட்டும் திரும்பி வந்தானுங்க, அடுத்த வருசமே இங்கிலீஷ்காரன் கப்பல் ஏறி ஆஸ்திரேலியாவுக்கு ஆடப் போயிட்டான்னு ரேடியோவுல சேதி. எனக்குக் காறித் துப்பணும் போல இருந்துச்சு.

ஆனா உங்கப்பன் விட்டானா என்னை? பொழைச்சு எந்திரிச்சு, சந்தையில கடை போட்டு, உங்கம்மாவைக் கட்டி, உன்னைப் பெத்து, இத்தனை வருசமும் கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் கூட்டம், எங்க பாத்தாலும் விரலை நீட்டி, “இவனைத் தெரியுமா? மட்டையில பட்டுதுன்னு தெரிஞ்சே ஒத்துக்காத ஏமாத்துக்காரன்”ன்னு சொல்லுவான். என் மருமகனுக்கு என்னை அறிமுகப்படுத்துனதே இந்த வார்த்தையிலதான். பேரப் புள்ளைங்க சிரிக்கும். நானும் ஆமான்னு தலையாட்டணும். என்னைத் திட்டத் திட்ட அவன் நல்லாத் தூங்குனான். அது எனக்குத் தெரியும். அதனாலயே அவனைப் பாத்தாப் பத்திக்கிட்டு வரும்.

ராக்காயி சாகுற வரைக்கும் அவகிட்டக்கூடச் சொல்லல. அவ மேல பொய்ச் சத்தியம் பண்ணவன் எப்படிச் சொல்லுவேன்?

நாளைக்கு எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நிப்பேன். தர்மலிங்கம் ஒழுங்கா ஜெயிச்சவன், நான்தான் ஏமாத்துக்காரன்னு சொல்லுவேன். நீ கவலைப்படாத. உங்கப்பனுக்கு ஒரு குறையும் வெக்க மாட்டேன்.

ஆனா இப்ப இங்க யாரும் இல்ல. அவனும் இல்ல. ஒருத்தருக்காவது தெரியட்டும்.

படலம்மா. தரையிலதான் இடிச்சுது. நான் அவுட் இல்ல.